மதாம் லூசியின் முகமூடி

வைத்திக்குப்பத்து வீராயி 1955இல் மதாம் லூசியின் வீட்டில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். மதாம் பிரெஞ்சுக்காரப் பெண்மணி, பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர்கள் பலர் கப்பலேறிய பிறகும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை.

மாடி அறை மேசையில் இருப்பதைத் தொடக்கூடாது என்பதுதான் அவர் போட்ட ஒரே கட்டளை. அந்த ஆடி மாதம் மேசையில் பாதி அறுத்த எலுமிச்சை, அணைந்த மெழுகுவத்தி, ஒரு காகித முகமூடி. முகமூடியின் வாய் ரத்தச் சிவப்பு. கண்கள் வெறும் ஓட்டை. மதாம் அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்.

குப்பத்தில் பக்கத்து வீட்டு அமிர்தவல்லியின் மகள் பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். கிணற்றடியில் அமிர்தவல்லி அழுதபோது வீராயி சொன்னாள்:

"அந்த வெள்ளக்காரம்மா ஊட்ல எலுமிச்சங்கா அறுத்து வெச்சிருக்குதுடி. மூஞ்சி ஒண்ணு பண்ணி வாயில ரத்தம் தடவியிருக்குது. தெனம் அதுமுன்ன உக்காந்து என்னமோ முணுமுணுக்குது."

முணுமுணுத்தது அவளாகச் சேர்த்தது. சுற்றி நின்ற பெண்கள் வாயடைத்துப் பார்த்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் அமிர்தவல்லியின் புருஷன் கோவிந்தசாமி பத்துப்பேரோடு மதாம் வீட்டுக்குள் புகுந்தான். படத்தைக் கிழித்தார்கள். முகமூடியைக் கடலில் வீசினார்கள். தள்ளுமுள்ளில் மதாமின் நெற்றி மேசையில் இடித்துக் கிழிந்தது.

வீராயிதான் ரத்தத்தைத் துடைத்துவிட்டாள்.

"அது என் தம்பி முகமூடி," என்றார் மதாம். "பதினாலு ஜூலை, எங்க தேசத் திருநாள் மாறுவேஷத்துக்கு அவன் செஞ்சான். உலகச் சண்டையில செத்துட்டான். அணைஞ்ச மெழுகுவத்தி அவன். எலுமிச்சை வாழ்க்கை மாதிரி, பாக்க அழகு, உள்ள புளிப்பு. நாங்க அப்படி வரைவோம். இவங்களுக்கு யார் என்ன சொன்னாங்க?"

"தெரியலீங்க மதாம்."

குழந்தைக்கு டைபாய்டு என்றார்கள் ஆஸ்பத்திரியில். பிழைத்துக்கொண்டது. கோவிந்தசாமி வந்து மதாமின் காலில் விழுந்தான். மற்றவர்களும் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். வீராயி மட்டும் கேட்கவில்லை. தினமும் அந்த நெற்றித் தழும்புக்கு எதிரே குனிந்து பெருக்கினாள். மதாம் கொடுத்த ரொட்டியை முந்தானையில் முடிந்துகொண்டுபோய்த் தெருநாய்க்குப் போட்டாள்.

இரண்டு வருடம் கழித்து மதாம் பிரான்சுக்குக் கிளம்பினார். பெட்டி கட்டும்போது வீராயி சொல்லிவிட்டாள்.

"நாந்தான் சொன்னேன் மதாம். முணுமுணுத்தீங்கன்னு பொய்யும் சொன்னேன்."

மதாம் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். அந்த மேசையைப் பாத்தது நீ ஒருத்திதான்."

"அப்புறம் ஏன் வேலைக்கு வெச்சிருந்தீங்க?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ரொம்ப நாள் ஆக்கிட்ட."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது வீராயிக்கு. அன்று சாயங்காலமே அமிர்தவல்லியிடம் போய், சொன்னது பாதி பொய் என்றாள்.

அமிர்தவல்லி கேட்டாள்: "எம் புருஷன் அந்தம்மா கால்ல உழுந்தப்ப நீ எங்கடி இருந்த?"

"அங்கதான், சமையக்கட்டுல," என்றாள் வீராயி. "பாத்திரம் கழுவிக்கினு இருந்தேன்."