கால் வைத்த எழுத்து

அக்கா புருஷனை எங்கள் வீட்டில் கால்காரர் என்றுதான் சொல்வோம். எழுத்துக்குக் கால் போடுவது அவர் தொழில். அச்சு எழுத்தில் ஒரு கோடு போய் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருக்குமே, அதற்கு செரிஃப் என்று பெயராம். கடைப் பலகைக்கு மொட்டை எழுத்து போதும், முந்நூறு பக்கக் கதைக்குக் கால் வேண்டும், அப்போதுதான் கண் வழுக்காமல் வரியைப் பிடித்துக்கொண்டு ஓடும் என்பார். ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன், அதனால் என் காது அவருக்கு இலவசம்.

அக்கா கதைப் பைத்தியம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அத்தியாயம் முடிந்தால்தான் எழுந்திருப்பாள். அவள் கண்ணின் நடுவில் மங்கல் விழுந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். ஓரத்தில் தெரியும், நேராகப் பார்த்தால் தெரியாது, போகப் போக மோசமாகும். மறுநாளே மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்தான்.

"உன் கண்ணுக்குன்னே ஒரு எழுத்து போடறேன். நீ கடைசி வரைக்கும் படிப்ப," என்றார்.

"ரெண்டு காலா போடுங்க. ஓடிவந்து கண்ணுல ஏறட்டும்," என்றாள் அக்கா.

மங்கல் கண்ணுக்கு மெல்லிய கோடுதான் முதலில் காணாமல் போகும் என்று அதைத் தடிமனாக்கினார். ண-வின் சுழிகளுக்குள் வெள்ளை இடம் கூட்டினார். துணைக்காலும் ர-வும் ஒன்றுபோல் தெரிகின்றன என்று ர-வின் காலைச் சாய்த்து நீட்டினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் ஒரு தாள் அடித்துத் தரவேண்டும். அதில் எப்போதும் ஒரே வாசகம்: "மழை ஓய்ந்தது. ஏணியில் ஈரம் காயவில்லை. அவன் இறங்கி வரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்." வாசகத்தை மாற்றினால், எழுத்தால் சுலபமானதா வார்த்தையால் சுலபமானதா என்று தெரியாமல் போய்விடுமாம். அந்தத் தொழிலில் அது சட்டம்.

சாயங்காலம் அக்காவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துத் தாளை நீட்டுவார். அவள் தடுமாறாமல் படிப்பாள். அப்போது மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டாக்டருக்கே போன் போட்டுப் பீற்றிக்கொண்டார். வேலை முடிந்ததும் முழுக் கதை ஒன்றை இந்த எழுத்தில் அச்சிட்டுத் தருவதாகவும் சொல்லியிருந்தார். மற்றப் புத்தகங்களை அக்கா மூடியே வைத்துவிட்டாள். "இனி உங்க எழுத்துலதான் படிப்பேன்," என்றாள். மனுஷன் பூரித்துப்போனார்.

இதற்கிடையில் ஒரு மருந்துக் கம்பெனி அந்த எழுத்தைக் கேட்டது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துச் சீட்டுக்காம். அவர்கள் கொடுத்த வாசகத்தை வைத்து ஒரு தாள் அடித்து எடுத்துப் போனேன். மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் அதை அப்படியே அக்காவிடம் கொடுத்தார். "இதையும் ஒரு தடவ பாத்துரு."

அவள் தாளை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மழை ஓய்ந்தது. ஏணியில் ஈரம் காயவில்லை..."

தாளில் இருந்தது, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று.

நான் வாயைத் திறந்தேன். மாமா கையைக் காட்டி அடக்கினார். அவள் முழுசாகச் சொல்லி முடித்து, "இந்தத் தடவ ர ரொம்பத் தெளிவு," என்று வேறு சொன்னாள். அவர் "சரி" என்று தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "அக்கா, உனக்கு நெஜமா எழுத்து தெரியுதா?" என்று கேட்டேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ண-வோட சுழியப் பெருசாக்கினாரே, அதுக்கு முன்னாடியே போச்சுடா. அவர்கிட்ட மூச்சு விடாத."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா வேலைய நிறுத்திடுவாரு. அப்புறம் எந்நேரமும் என் கண்ணையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அத என்னால தாங்க முடியாது."

இப்போது அவள் படித்துக் காட்டிய தாளில் வேறு வாசகம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ண-வுக்குப் பிறகு நான் அடித்துக் கொடுத்த தாள்கள் ஒரு கட்டு இருக்கும். அத்தனையும் வீண்.

மருந்துக் கம்பெனி எழுத்தை எடுத்துக்கொண்டது. இப்போது என் மெஷினில் அதுதான் ஓடுகிறது. மாத்திரையை எடுத்ததும் கசக்கி எறிகிற சீட்டு, யார் படிக்கிறார்கள்? அக்காவுக்காக அவர் நீட்டிய ர-வின் கால் அந்தச் சீட்டில் வரிக்கு வரி வருகிறது.

அந்தச் சாயங்காலத்துக்கு அடுத்த வாரம் மாமா அச்சகத்துக்கு வந்தார்.

"தாள் அடிக்கணும் மாப்ள."

"எதுக்கு மாமா இனிமே?"

"அந்த மழை வாசகத்தையே போடு. ஒரு எழுத்துகூட மாத்தாத," என்றார். அப்புறம் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவளுக்கு அது ஒண்ணுதான் படிக்க வருது."

அடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் கூடவே போனேன். அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தாள். மாமா பென்சிலைக் கையில் பிடித்தபடி கடைசி வார்த்தை வரை கேட்டார்.

"ழ-வோட வால் இன்னும் சரியா உக்காரல. நாளைக்குப் பாக்கலாம்," என்றார்.

"மெதுவா செய்ங்க," என்றாள் அக்கா. "எனக்கென்ன அவசரம்?"