பிடோக்கில் பார்த்த திமிங்கலம்

ஞாயிறு காலை 8.10. தேக்கா சந்தையில் இரண்டு தோசையும் ஒரு காப்பியும் நான்கரை வெள்ளி, அதாவது நான்கரை டாலர். ஊர்க் காசில் பெருக்கிப் பார்த்தால் தோசை தொண்டையில் இறங்காது என்பதால் பார்க்கவில்லை.

நான் தூத்துக்குடியில் விலங்கியல் ஆசிரியை. கரை ஒதுங்கும் திமிங்கலங்களை அளந்து பதிவு செய்வது என் விடுமுறை வேலை. அலகுத் திமிங்கலம் இதுவரை நான்கு பார்த்திருக்கிறேன், நான்கும் செத்தவை. டால்ஃபின் மாதிரி மூக்கு அலகாகத் துருத்திய, ஆழ்கடலிலேயே காலம் கழிக்கிற கூச்சக்காரப் பிராணி அது. கப்பல் இரைச்சல் கேட்டால் விலகி ஓடும். ஒன்றையாவது உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் மாநாட்டுக்கு வந்தவள் மூன்றாம் நாள் பிடோக் கிளம்பியது அதற்காகத்தான். என் பழைய மாணவியின் மாமா அமீன், சரக்குக் கப்பலில் தலைமைப் பொறியாளர். அந்தமான் கடலில் அவர் எடுத்த வீடியோ வாட்ஸாப்பில் நசுங்கி என்னிடம் வந்தபோது மூன்று கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. அசல் அவர் வீட்டுக் கணினியில் இருந்தது.

11.20. லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் மாறாமல் பிடோக் நார்த். பக்கத்தில் இருந்த உள்ளூர் அம்மா ஒருவர் எங்கே போகிறேன் என்று கேட்டார். திமிங்கலம் பார்க்க என்றேன்.

"பிடோக்லயா? அங்க ஃபுட் சென்டர்தான் இருக்கு லா," என்றார் கவலையோடு.

12.15. ஒன்பதாவது மாடி. அமீனின் மனைவி சபீனா கணினிப் பக்கமே என்னை விடவில்லை. "மொதல்ல சாப்பிடுங்க டீச்சர். வந்தவங்கள பசியோட உக்கார வச்சு வீடியோ காட்டுறதா?"

பிரியாணி, அச்சார் ஊறுகாய், மறுபடி பிரியாணி. அவ்வளவு ருசியான சாப்பாட்டை அவ்வளவு பொறுமையில்லாமல் நான் சாப்பிட்டதே இல்லை.

1.30. ஒருவழியாகப் படம் ஓடியது. அலையே இல்லாத கடல். வெள்ளைக் கீறல் விழுந்த இரண்டு பெரிய முதுகுகள், நடுவே ஒரு குட்டி. குட்டையான அலகொன்று மேலே எழுந்து தாழ்ந்தது. பிறகு மூன்றும் மூழ்கின.

"டால்ஃபின்தானே?" என்றார் அமீன்.

"திரும்ப எப்ப மேல வந்துச்சு?" கேட்டுவிட்டேனே தவிர நம்பிக்கை இல்லை. அதையெல்லாம் யார் குறித்து வைக்கப் போகிறார்கள்?

"நாப்பத்தி நாலு நிமிஷம். என்ஜின் ரூம்ல எல்லாத்துக்கும் டைம் எழுதுவோம், கை தானா எழுதிடும்."

டால்ஃபினால் அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க முடியாது. அலகுத் திமிங்கலமேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரியாணி காரமோ என்று பயந்து சபீனா தண்ணீர் கொண்டுவந்தார்.

"கப்பல்கிட்ட எப்படி வந்துச்சு? சத்தம்னா ஓடிடுமே."

அமீன் சிரித்தார். "என்ஜின் படுத்துருச்சு டீச்சர். ஆறு மணி நேரம் அப்படியே மிதந்தோம். கேப்டன் என்னை வறுத்தெடுத்துட்டார். காத்து வாங்க மேல வந்தா, இதுங்க நிக்குது. இருபத்திரண்டு வருஷமா அந்த வழியா போறேன், ஒண்ணுகூடப் பாத்ததில்ல. நாங்கதான் விரட்டிட்டு இருந்தோம் போல."

இடத்தின் குறிப்பை எழுதிக் கொடுத்தார். அந்தப் பகுதியில் வேகத்தைக் குறைத்தால் இரைச்சலும் குறையும் என்று கம்பெனிக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். சந்தோஷத்தில் மூன்றாவது தட்டும் சாப்பிட்டேன்.

மாலை 6.40, சாங்கி விமான நிலையம். எங்கள் ஊர்க் கடல் எனக்கு இவற்றைப் பிணமாகத்தான் காட்டியது. உயிரோடு காட்டியது ஒரு அடுக்குமாடி வீடு. விமானத்துக்குக் காத்திருந்தபோது பதிவுப் படிவத்தை எடுத்தேன். செத்தவற்றுக்காகவே அச்சடித்தது அது. 'கரை ஒதுங்கிய இடம்' என்ற கட்டத்தை அடித்துவிட்டு எழுதினேன்: ஒதுங்கவில்லை. குட்டியோடு மூன்றும் நீந்திக்கொண்டிருக்கின்றன.