பத்து நிமிஷம் மரத்த கை

அந்த வட்டாரத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கிடையாது. பிரஷர் நர்ஸ் என்றால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்ந்து இருபத்தாறு வருஷம், அதில் கடைசிப் பதினோரு வருஷம் வார்டுக்கு வெளியே. தோளில் ஒரு பை. பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரமும். திங்கட்கிழமை பஸ் டிப்போ, செவ்வாய் சலவைக்கூடம் என்று முறை வைத்துப் போவாள். பக்கவாதம் வந்து படுத்த பிறகு வைத்தியம் பார்ப்பதைவிட வராமல் பார்த்துக்கொள்வது லேசு என்று ஆஸ்பத்திரியில் முடிவு செய்து அவளை அனுப்பினார்கள். லேசு என்று சொன்னவர்கள் யாரும் கூட வந்ததில்லை.

டிப்போவில் டிரைவர்கள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார்கள். அளவு நூற்று எழுபதைத் தாண்டும். "இன்னிக்கு வண்டி லேட்டு, அந்த டென்ஷன்" என்பார்கள். போன மாசம் வேறு டென்ஷன், அதற்கு முந்தின மாசம் வேறு. சலவைக்கூடத்தில் ஒருத்தி மாத்திரை சாப்பிட்டு அளவு இறங்கியதும், "அதான் குறைஞ்சிடுச்சே" என்று நிறுத்திவிட்டாள். குறைந்ததே மாத்திரையால்தான் என்றால் காதில் ஏறவில்லை. இவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஊராரையாவது பொறுத்துக்கொள்வாள். அண்ணனைத்தான் பொறுக்க முடியவில்லை.

அண்ணன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். அவள் ஊரெல்லாம் கொடுக்கிற பிரசுரம் அவர் அச்சடித்ததுதான். முகம் கோணுகிறதா, கை தளருகிறதா, பேச்சு குழறுகிறதா, ஒன்று இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே வாருங்கள் என்று மூன்று படங்களோடு இருக்கும். 'கைத் தளருகிறதா' என்று வந்திருந்ததில் அந்த வேண்டாத 'த்'தைப் பிடித்து எடுத்தவர் அவர். பிழை பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசியில், 'தானாகச் சரியாகிவிட்டாலும் கட்டாயம் வாருங்கள்' என்று ஒரு வரி. இடம் பத்தவில்லை, அதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "எத வேணும்னாலும் எடுங்கண்ணே, அத மட்டும் எடுக்காதீங்க" என்று அவள் பிடிவாதம் பிடித்த பிறகு எழுத்தைச் சிறிதாக்கி உள்ளே திணித்தார்.

இத்தனை ஆயிரம் பிரதி ஓட்டியவர் ஒருநாளும் தங்கையிடம் கையை நீட்டியதில்லை. "அந்தக் கருவிய எடுத்துக்கிட்டுக் கடைக்குள்ள வராத பாப்பா, வர்றவங்க என்ன நினைப்பாங்க" என்பார். ஐம்பது வயது தாண்டியும் அவரிடம் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். பாப்பா சொல்லி யார் கேட்பார்கள்?

ஒரு வியாழக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள்.

"திங்கக்கிழமை உங்கண்ணனுக்குக் கை மரத்துப்போச்சு. பேப்பர் கட்டத் தூக்கப் போனாராம், எடது கை வரலையாம். பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுச்சு. நான் போனப்ப பேச்சுகூடக் கொஞ்சம் கொழகொழன்னு இருந்துச்சு. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு இருக்கும்."

"பகல் பதினொரு மணிக்கு என்ன தூக்கக் கலக்கம் அண்ணி?"

அண்ணியின் பதிலுக்குக் காத்திராமல் அச்சகத்துக்கு ஓடினாள். அண்ணன் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வினாத்தாள் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு, போயிடுச்சு. போனத எதுக்குத் தேடிக்கிட்டுப் போகணும்?" என்றார்.

அலமாரியில் அடுக்கியிருந்த பிரசுரத்தில் ஒன்றை உருவி, கடைசி வரியில் விரலை வைத்தாள். "இத யாரு அடிச்சது?"

"நான்தான்."

"படிச்சீங்களா?"

"பிழை பார்த்தேன்."

அவள் பிரசுரத்தை வினாத்தாள்மேல் வைத்தாள். பிறகு கெஞ்சினாள். பெரிய அடைப்பு வருவதற்கு முன்னால் உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை இது, அடுத்தது நாளைக்கும் வரலாம், இப்பவேகூட வரலாம் என்றாள். சனிக்கிழமை வினாத்தாளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். அவள் குரல் உயர்ந்தது. மிஷின் ஓட்டுபவர் மிஷினை நிறுத்திவிட்டு நாசூக்காக வெளியே போனார். சத்தம் ஓய்ந்தால் போதும் என்று அண்ணன் முதல்தடவையாகக் கையை நீட்டினார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"உன் மிஷின் பழசு" என்றார்.

வாசலில் நின்று ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்தாள். "உங்க அண்ணன்தானே, நீங்க சொன்னா கேக்க மாட்டாரா?" என்றார் டாக்டர். இதே கேள்வியை எத்தனையோ வீட்டுப் பெண்களிடம் அவளும் கேட்டிருக்கிறாள். எவ்வளவு எரிச்சலூட்டும் கேள்வி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வார்டிலிருந்து ஆள் வந்தது. உங்கள் அண்ணன் வந்திருக்கிறார் என்றார்கள். தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்று கால் பின்ன ஓடினாள். அண்ணன் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நம்ம அச்சகத்துக்குப் பேப்பர் போடுற கடைக்காரர் வந்திருந்தாரு பாப்பா. அவருக்கும் மொதல்ல இப்படித்தான் கை மரத்துச்சாம், விட்டுட்டாராம். இப்ப தடி இல்லாம நடக்க முடியல. ஒரு நிமிஷமும் நிக்காதீங்க, ஓடுங்கன்னாரு. விவரமான மனுஷன். எவ்வளவு தெளிவா எடுத்துச் சொன்னாரு தெரியுமா?"

அவள் பதில் சொல்ல ஆரம்பித்தால் வார்டு தாங்காது.

படம் எடுத்துப் பார்த்ததில் கழுத்து ரத்தக்குழாய் ஒன்று பாதிக்கு மேல் அடைத்திருந்தது. நான்கு நாள் தள்ளிப்போட்டுவிட்டு நடந்து வந்தது அதிர்ஷ்டம் என்று டாக்டர் சத்தம் போட்டார். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடைப்பை எடுத்தார்கள், மாத்திரைகள் எழுதினார்கள், பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பேப்பர் கடைக்காரர் தன் உயிரைக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். அண்ணன் கை காலோடு இருக்கிறார், அது போதும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

ஒரு வாரம் யோசித்து, ரோஷத்தை விழுங்கிக்கொண்டு பேப்பர் கடைக்குப் போனாள். டிப்போவுக்குக் கூட வந்து நாலு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டாள். அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். திங்கட்கிழமை டிரைவர்கள் நடுவில் நின்று, வராத கையை வரும் கையால் தூக்கிக் காட்டிப் பேசினார். பதினோரு வருஷமாக அவள் பேசும்போது செல்போனைப் பார்க்கிறவர்கள் அசையாமல் கேட்டார்கள். அவருடைய தடியைப் பிடித்துக்கொண்டு அவள் ஓரமாக நின்றாள். முடிந்ததும் பதினேழு பேர் வரிசையில் வந்து கையை நீட்டினார்கள். அதற்கு முன்னால் அவ்வளவு பேர் வந்ததே இல்லை.

கருவியின் பட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு டிரைவர் அவரிடம் கேட்பது காதில் விழுந்தது. "எந்த மாத்திரை சார் நல்லது?"

"மாத்திரை கெடக்கட்டும், வெறும் வயித்துல பூண்டு தின்னு பாருங்க" என்றார் பேப்பர் கடைக்காரர்.

"பூண்டு தின்னுட்டு மாத்திரைய விட்டுடாதீங்க" என்று அவள் திரும்பிச் சொன்னாள். அவர்கள் எத்தனை பல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.