மூன்றாவது இலை

நெய்யில் வறுத்த ரவையின் வாசம் விரல்களில் ஒட்டியிருக்க, மடிப்புக் கலையாத புதுச்சட்டையோடு நான் அடையாற்றுப் பாலத்தின் மேல் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். மார்ச் மாதத்து மத்தியான வெயில். கீழே ஆறு நாறியது. கையில் பெரியம்மா கொடுத்த "மரத்தூள்" பொட்டலம் இருந்தது. பாலத்தின் நடுவில் நின்று அதை ஆற்றில் வீசிவிட்டுத்தான் மேலே நடந்தேன். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் படிக்கவில்லை.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின், மயிலாப்பூரில் கடற்கரையை ஒட்டிய அவர்கள் வீட்டில் வளர்ந்தேன். அந்த வீட்டில் கோயில் காலண்டரைப் பார்த்துத்தான் அடுப்பு எரியும். மாதா பிறந்தநாளுக்குச் சங்குப்பூவை ஊறவைத்து நீலச் சோறு; தூய ஆவி இறங்கிய திருநாளுக்கு எல்லார் நாக்கும் சிவக்கிற மாதிரி பீட்ரூட் சோறு; இரும்புக் கட்டிலில் வாட்டிக் கொல்லப்பட்ட லாரன்சியாருக்குக் கம்பி வலையில் சுட்ட மீன். எதுவாக இருந்தாலும் முதலில் படம் எடுக்க வேண்டும், கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற "அன்பியம்" வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், அங்கே நாலு பேர் கைகூப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆறி விறைத்ததை வாயில் வைக்கலாம். "சாமிக்கு மின்னாடி உனுக்கு இன்னாடா அவசரம்?" என்பாள் பெரியம்மா. பார்த்தவர்கள் பக்தி என்றார்கள். எனக்குப் பசித்ததுதான் ஞாபகம்.

இதிலெல்லாம் பெரியது, இயேசுவை வளர்த்த சூசையப்பரின் திருநாள். ஏழைகளில் ஒரு பெரியவரையும் ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் அழைத்து, சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு என்று மூன்று இலை போட்டு உட்காரவைத்து, அவர்கள் சாப்பிட்டுப் போன பிறகே வீட்டார் சாப்பிடுவது வழக்கம். சூசையப்பர் தச்சர் என்பதால் முருங்கைக்காய் சட்டம்போல ஒரே நீளத்தில் நறுக்கப்பட்டிருக்கும். வறுத்த ரவையில் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து, இலை ஓரத்தில் "மரத்தூள்" என்று குவித்திருப்பாள். விருந்தாளிகள் கைகழுவத் தண்ணீர் ஊற்றுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. பெரியம்மா மகன் பிரவீன் துண்டு பிடிப்பான், நான் செம்பு பிடிப்பேன். "எங்க வூட்டுப் பசங்க" என்று வந்தவர்களிடம் பெரியம்மா எங்கள் இருவரையும் சேர்த்துச் சொல்வாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சொல்வாள். அதற்காகவே முந்தின நாள் அந்தச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பேன்.

மீன்பாடி வண்டி ஓட்டுகிற மாசிலாமணிதான் எப்போதும் சூசையப்பர். "நெத்திப் பட்டைய மட்டும் அழிச்சிக்கினு வரச் சொல்லுது இந்தம்மா, சூசைக்கு விபூதி ஆவாதாம்" என்று சிரிப்பார். பூ விற்கிற கன்னியம்மா மாதா. குழந்தை இயேசு ஆற்றோரக் குடிசைகளிலிருந்து வருவான். அந்த வருஷம் குடிசைகளை இடித்துவிட்டார்கள்.

"பசங்கள எல்லாம் லாரில ஏத்திக்கினு பெருங்குடி தாண்டிக் கொண்டுபோய் வுட்டாங்கம்மா. எங்கப் போயித் தேடுறது?" என்றார் மாசிலாமணி.

இலை போட்டாகிவிட்டது. அன்பியத்தில் படம் கேட்டுப் போன் கத்திக்கொண்டிருந்தது. பெரியம்மா சுற்றிப் பார்த்தாள். செம்போடு நின்ற என்மேல் கண் நின்றது.

"அந்தச் செம்ப பிரவீன்கிட்ட குடுத்துட்டு நீ குந்துடா."

"நானா?"

"மூணாவது எலை காலியா கீது, வேற யாரு கீறா?"

மாசிலாமணி பாதி உட்கார்ந்தவர் அப்படியே நின்றார். "இன்னாம்மா இது, இவன் உங்க வூட்டுப் புள்ளையாச்சே?"

நானும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"எங்க வூட்ல கீறான். அவ்ளோதான். அப்பன் ஆத்தா இல்லாதவன் ஏழை இல்லாம இன்னா?" என்றாள். ஏழைப் பையனுக்கென்று வாங்கிவைத்த சட்டை எனக்குச் சரியாகவே இருந்தது. பெரியப்பா போனிலிருந்து தலை தூக்கவில்லை.

"கைய நீட்டு, ஏசப்பா" என்று பிரவீன் முழங்கை வரை வழிகிற மாதிரி ஊற்றினான். கன்னியம்மா மட்டும், "துன்னு நைனா, சோத்து மேல இன்னா கோவம்?" என்று மெதுவாகச் சொன்னாள். தின்றேன். அந்த வீட்டில் நான் சூடாகச் சாப்பிட்ட ஒரே திருநாள் சோறு அதுதான். விருந்தாளிகளுக்குத்தான் அங்கே சூடாகப் போடுவார்கள்.

சாப்பிட்டதும் மூவருக்கும் பொட்டலம் கொடுத்து, திருக்குடும்பம் விடைபெறுகிற படம் வேண்டும் என்றாள். "மூணு பேரும் கேட்டத் தாண்டி நடங்க. டேய், திரும்பிப் பாக்காத, படத்துல உன் மூஞ்சி தெரியக் கூடாது." தெரிந்தால் அன்பியத்துக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். நடந்தோம். தெருமுனையில் மாசிலாமணி வண்டிக்குப் போனார், கன்னியம்மா கூடைக்குப் போனாள். நான் நேராகப் போனேன். திரும்பிப் பார்க்காதே என்று சொன்னவள் அவள். நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு திருப்பூர், ஓசூர், மங்களூர் என்று பல ஊரில் பல வேலை பார்த்தாகிவிட்டது. போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. பெரியம்மா அதில் ஏதோ ஒரு மேல்மாடியில் இருக்கிறாளாம், திருநாள் சாப்பாடு கடையிலிருந்து வருகிறதாம். ஆற்றோரம் முழுக்கக் கம்பிவேலி. மூன்று இலை போட்டாலும் உட்காரப் பக்கத்தில் ஏழை கிடைக்க மாட்டான். நீலச் சோறு, சிவப்புச் சோறு, மரத்தூள் எல்லாம் ஒழிந்தது. ஒழியட்டும்.

பாலத்தைத் தாண்டிய மறுநாள் காலை, அடையாற்றில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி இட்லிக் கடை முன்னால் நின்றேன். கடைக்கார அக்கா இட்லித் துணியை உரித்துக்கொண்டே என் புதுச்சட்டையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு வூட்டுப் புள்ளடா நீ?"

"யாரு வூடும் இல்லக்கா."

"சரி, அந்தக் கொடத்த எடு. கை கழுவ ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

எடுத்தேன்.