காலால் பிறந்தவள்

நான் பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால்தான் வெளியே வந்ததாம். எங்கள் ஊரில் அது ஒரு தகுதி. திருவையாற்றுக்குக் கிழக்கே வாய்க்காலும் வயலுமாகக் கிடக்கும் ஊர். நடவு தொடங்கிவிட்டால் தினமும் யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொள்ளும். காலால் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. வாசலில் குப்புறப் படுப்பார்கள். நான் காலைக் கழுவிக்கொண்டு வந்து வலது பாதத்தால் முதுகை அழுத்தி நீவிவிடுவேன். கடலை மிட்டாயோ முறுக்கோ கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். ஆனால் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஊருக்குத் தெரிந்தது என் கால்.

சித்தப்பா அப்பாவின் தம்பி, இன்னும் கல்யாணமாகாத இளவட்டம். காலையில் அவரால் எழுந்திருக்கவே முடியாது. ஒருக்களித்துப் புரண்டு, சுவரைப் பிடித்து, மெல்ல மெல்ல நிமிர்வார். கூப்பிட்டால் கழுத்து திரும்பாது; உடம்போடு திரும்புவார். ஆனால் வெயில் ஏறிவிட்டால் ஆளே வேறு. நாற்றுமுடிகளைச் சுமந்துகொண்டு வரப்பில் ஓடுவார். சாயங்காலம் பையன்களோடு வாலிபால்கூட ஆடுவார். அதுதான் வம்பாகிவிட்டது.

"வேலைக்குக் கூப்பிட்டா முதுகு வலிக்குது, பந்தைக் கண்டா வலிக்கலையோ?" என்பார் அப்பா.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. எங்கள் குத்தகை வயலில் நடவு. பெண்கள் வந்துவிட்டார்கள், நாற்றுச் சுமக்க வேண்டிய சித்தப்பா பாயை விட்டு எழவில்லை. அப்பா கத்த, அம்மா என்னைக் கூப்பிட்டாள். பள்ளிச் சீருடையோடு போய் மிதித்தேன். சித்தப்பா அசையவில்லை. மறுபடி மிதித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

நடவுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா முகவாயில் கை வைத்தாள். "போன வருசம் எனக்கு ஒரே மிதியில விட்டுச்சே! புள்ளையப் பள்ளிக்கூடத்துல போட்டீங்க, செருப்ப மாட்டி விட்டீங்க. கால்ல இருந்த ராசி போயிடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "அப்ப கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடம் வேணாம். வீட்டுல இருக்கட்டும், பாப்போம்" என்றார். கொஞ்ச நாளைக்கு என்று நின்ற எந்தப் பெண்பிள்ளையும் எங்கள் தெருவில் திரும்பப் போனதில்லை. அது எனக்கே தெரியும். 

"யாரு சொன்னா ராசி போச்சுன்னு?" பாயிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "இன்னொரு மிதி மிதி தாயி."

மிதித்தேன். எழுந்து நின்றார். சுவரைப் பிடிக்கவில்லை. "விட்டுடுச்சு அண்ணி, பறந்துடுச்சு" என்று அம்மாவிடம் சொன்னவர், பெரியம்மா பக்கம் உடம்போடு திரும்பினார். "அக்கா, அடுத்த தடவை உங்களுக்குப் புடிச்சா செருப்போடயே மிதிக்கச் சொல்றேன்."

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்குக் கிளம்பும் முன் சித்தப்பாவுக்கு ஒரு மிதி. தினமும் "விட்டுடுச்சு" என்பார். வேலை செய்யச் செய்ய அவர் நிமிர்ந்துவிடுவதை ஊரே பார்த்தது. என் கீர்த்தி பக்கத்து ஊர் வரைக்கும் போனது. பள்ளிக்கூடத்தை நிறுத்துகிற பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவேயில்லை.

கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் இறுகி, நடமாடினால் இளகுகிற வலி வெறும் பிடிப்பாக இருக்குமா? சித்தப்பாவைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஓய்வெடுத்தா கூடுதா? வேலை செஞ்சா குறையுதா?" என்று டாக்டர் கேட்டார்.

தலையாட்ட முடியாமல் சித்தப்பா, "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

"இது சுளுக்கு இல்ல. முதுகெலும்பு மூட்டுல வர்ற வாதம். வாலிபத்துலயே வந்துடும். படுத்தே கிடந்தா இறுகும். தினமும் உடற்பயிற்சி செய்யணும், மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. இத்தனை வருசமா யார்கிட்டக் காட்டுனீங்க?"

"வீட்டுலயே ஒரு டாக்டர் இருந்துச்சுங்க" என்று சித்தப்பா என்னைக் கை காட்டினார். இனி அந்த முதுகில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்போது சித்தப்பா காலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு, கையையும் முதுகையும் நீட்டி மடக்கிப் பயிற்சி செய்கிறார். கழுத்து வளையாமலிருக்க, தலையணை மெல்லியது. வலி பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இறுகிப்போன கழுத்து மட்டும் இறுகினதுதான்.

அந்த நடவு நாளில், வயலுக்குப் போகிற வழியில் அவர் வாசலில் கிடந்த என் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். குனியவில்லை. முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு, முழங்காலை மட்டும் மடக்கி இறங்கி எடுத்தார். நெற்றி முழுக்க வியர்வை. மழை விட்ட குளிரில் இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி வேர்க்கிறது என்று எனக்கு ஆச்சரியம். என் காலின் சக்திதான் உடம்புக்குள் இறங்கி வேலை செய்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, சிரித்தபடியே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.