குறை சொன்ன சனிக்கிழமைகள்

ஜேர்மனியில், ஹம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தமிழ்க் கடையில், அரிசி மூட்டைகள் அடுக்கிய பின்னறையில், சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடுவோம். அமெரிக்காவில் அப்போது மத்தியானம். அங்கே ஒரு பல்கலைக்கழக அணிக்கு எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்து விளையாடினான். எங்கள் ஊர் என்றால் ஹம்தான். கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்தவன். இங்குள்ள கழகமொன்றில் விளையாடத் தொடங்கி, உதவித்தொகை கிடைத்து அங்கே போனான்.

அவன் லைன்பேக்கர். பந்தோடு ஓடி வருகிறவனை மோதி நிலத்தில் விழுத்துவது அவன் வேலை. தொடக்கத்தில் எங்களில் யாருக்கும் அந்த விளையாட்டு விளங்கவில்லை. கடைக்காரர்தான் அதற்கு வழி கண்டுபிடித்தார்.

"இது ஊரில நாங்கள் விளையாடின கிளித்தட்டுத்தான். கோட்டில நிண்டு மறிக்கிறாங்கள். மற்றவங்கள் தங்கட கோட்டை விட்டு அரக்க மாட்டாங்கள். எங்கட பெடியன் கிளி. அவன் எங்கயும் போவான்."

அன்றிலிருந்து எல்லோரும் நிபுணர்கள். அவன் எவ்வளவு திறமையானவன் என்பதே பேச்சு. கடைக்காரர் ஒரு கட்சி. மறு கட்சி, நகரப் பேருந்து ஓட்டும் ஒருவர்.

"முன்னால நிக்கிற தடியங்கள் வழியை அடைச்சுக் குடுக்கிறாங்கள்" என்பார் ஓட்டுநர். "இவர் கடைசியா வந்து மேல ஏறி விழுறார். பேர் இவருக்கு."

"பந்து போற இடத்தில முதல்ல நிக்கிறது ஆர்? அதைச் சொல்லும். கண்ணை எங்க வச்சுக்கொண்டு பஸ் ஓடுறீர்?"

யாழ்ப்பாணத்தில் நான் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்த்தவன் என்பதால் என்னிடம் தீர்ப்புக் கேட்பார்கள். ஓட்டத்தை மறிப்பதில் அவன் மிகத் திறமையானவன், பந்தை அவனுக்குப் பின்னால் எறிந்தால் சற்றுப் பிந்துவான் என்றேன். இரண்டு கட்சிகளும் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டன.

ஒரு சனிக்கிழமை, ஆட்டம் தொடங்குமுன் அவன் தாய் பின்னறைக்கு வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், சீருடையோடே வந்திருந்தார். அதற்குமுன் அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை. உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்தோம்.

"அண்ணை, பிள்ளைக்குத் தலையிடி. வெளிச்சம் பாக்க ஏலாதாம். டொக்டர் விளையாட வேண்டாமெண்டு இருத்தி வச்சிருக்கினம்."

"போன ஆட்டத்தில அடிபட்டதெல்லே அக்கா" என்றார் கடைக்காரர்.

"அடி அவனுக்கு எப்பவும் படுறதுதானே. முந்தி ஒண்டும் வரேல்லயே. இப்ப ஊரெல்லாம் அவன்ர கதை. எங்க போனாலும் உங்கட மகனை மாதிரி ஆள் இல்லை எண்டுகினம். நாவூறு அண்ணை. இனி அவனை நல்லாச் சொல்லாதேங்கோ."

நாவூறு என்பது புகழ்கிறவரின் வாயிலிருந்து வருவது. கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, பாராட்டே போதும். தாய் தன்னால் முடிந்ததைச் செய்திருந்தார். காணொளி அழைப்பில் மகனை அசையாமல் இருக்கச் சொல்லி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, கைபேசித் திரையைச் சுற்றிப் போட்டிருக்கிறார். அவன் கண்ணை மூடிக்கொண்டு இருந்தானாம்.

கடைக்காரர் தலையாட்டினார். "ஓம் அக்கா. இனி ஒரு நல்ல சொல்லு வராது."

தாய் போனதும் ஓட்டுநர், "அப்ப என்ர கட்சிதான் வெண்டது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் அது விளையாட்டாகத்தான் நடந்தது. திரையில் அவன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் களத்தோர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரருக்குக் குறை சொல்ல வரவில்லை. "அவன்ர நடை சரியில்லை" என்று ஒருமுறை சொன்னார். "நடையோ? அவன் இருக்கிறான் அண்ணை" என்றார் ஓட்டுநர். அறை அதிர்ந்தது.

சில வாரங்களில் அவருக்கும் குறை சொல்ல வந்துவிட்டது. குறை சொல்வது புகழ்வதைவிட எளிது, கேட்பவர்களும் கூடுதலாகச் சிரிப்பார்கள். பெரிய அணிகளோடு ஆட்டம் வரும்போதுதான் அவனுக்குத் தலையிடிக்கிறது என்று கடைக்காரரே சொன்னார். தாய்க்காகத் தொடங்கியது என்பதை யாரும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை ஓட்டுநர் கைபேசியை வாயருகே பிடித்து, எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். குழுவில் கடைக்கு வருகிறவர்கள், உறவினர்கள் எல்லோரும் இருந்தார்கள்; அவன் தாய் மட்டும் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். எங்கட கிளியார் சுகமில்லையெண்டு கிராங்க் எழுதிக் குடுத்திட்டு வாங்கில குந்தியிருக்கிறார். தலையிடியாம். இங்க எங்கட பெண்டுகள் காய்ச்சலோட போய் மெசினுக்கு முன்னால நிண்டு வேலை செய்யினம். இவரைப் படிக்க அனுப்பினதோ, படுக்க அனுப்பினதோ?"

பின்னால் எங்கள் அறையின் சிரிப்பும் பதிவாகியிருந்தது.

"அவனும் உந்தக் குழுவில இருக்கிறானெல்லே" என்றேன்.

"அவனுக்கு எங்கட தமிழ் எங்க விளங்கப்போகுது? ஜேர்மன் பிள்ளை. பெருவிரலை மட்டும் தூக்கிக் காட்டுவான்."

அது உண்மை. பிறந்தநாள் வாழ்த்துக்கும் மரண அறிவித்தலுக்கும் அவன் பெருவிரல் படம்தான் போடுவான். அந்தப் பதிவுக்கும் போட்டான். ஓட்டுநர் அதை எல்லோருக்கும் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை அவன் களத்தில் நின்றான். கடைக்காரர் மகிழ்ச்சியில் கத்திவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாத்தியளோ, குறை சொன்னது வேலை செய்யுது" என்றார் ஓட்டுநர். நாங்கள் பேசிப் பேசி அவன் நாவூறைக் கழித்துவிட்டதாக அறை முழுவதும் நம்பியது.

இரண்டாம் பாதியில், பந்தோடு ஒருவன் நடுவால் ஓடி வந்தான். எங்கள் பெடியன் தலையைத் தாழ்த்தி மோதினான். சுத்தமான மறிப்பு. ஓடி வந்தவன் அந்த இடத்திலேயே நின்றுபோனான். எங்கள் பெடியன் எழுந்தான், ஹெல்மெட்டைச் சரி செய்தான், நடந்தான். எதிரணியின் வாங்கை நோக்கி நடந்தான். அவர்களில் ஒருவன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தபோது முழங்கால்கள் மடிந்தன.

"எழும்புவான்" என்று யாரோ சொன்னார்கள். கடைக்காரர் சத்தத்தைக் குறைத்தார். தூக்குக் கட்டிலொன்றைக் கொண்டுவந்தார்கள். ஒளிபரப்பு விளம்பரத்துக்குப் போனது.

குளிர்காலத்தில் தகப்பன் போய் அவனைக் கூட்டிவந்தார். வெளிச்சம் ஆகாது என்பதால் அவன் அறையில் திரைச்சீலை மூடியே இருக்கும். ஒரு பக்கம்கூட வாசிக்க ஏலாது. விரல்கள் நடுங்கும். ஓட்டுநர் குரல்பதிவை அழித்துவிட்டார். அவர் கட்சியும் மாறிவிட்டது. அவனைப்போல் ஒரு லைன்பேக்கர் ஐரோப்பாவிலிருந்து போனதே இல்லை என்று பின்னறையில் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மறுத்துப் பேச ஆளில்லை. தாய் காண்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்: "நாங்கள் பிந்திப்போனம். நீங்கள் புகழத் தொடங்கேக்கையே நான் வந்து தடுத்திருக்கவேணும்."

நான் போய்ப் பார்த்த அன்று தாய் குசினியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அவன் கதவைச் சாத்தச் சொன்னான். தாயின் அதே தமிழ், கொஞ்சம் மெதுவாக.

"மாமா, நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள். பொய் சொல்லாதேங்கோ. நான் பொய்ச் சாட்டுச் சொன்னனான் எண்டோ நினைச்சனீங்கள்?"

"ஆர் சொன்னது?"

"அந்த வொய்ஸ் நான் கேட்டனான். கனதரம் திருப்பித் திருப்பிக் கேட்டனான். பின்னால சிரிச்ச ஆக்களின்ர குரலும் எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகுதான் டொக்டரிட்டத் தலையிடி போயிட்டுது எண்டு சொன்னனான்."

நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னேன். தாய் வந்தது, கேட்டது, நாங்கள் தொடங்கியது. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"அப்ப அவையள் மனசறிஞ்சு சொல்லேல்லையோ?"

"தொடக்கத்தில இல்லை."

"பிறகு?"

திரைச்சீலை சற்று விலகியிருந்தது; நான் எழுந்து அதை இழுத்து மூடினேன்.

"அம்மாவுக்கு வொய்ஸ் கதை தெரியவேண்டாம்" என்றான். "தான் வந்து கேட்டதாலதான் இப்பிடி ஆச்சுது எண்டு நினைப்பா. நாவூறு எண்டே இருக்கட்டும்."

தாய் தேநீரோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன கதைச்சனீங்கள்?"

"விளையாட்டைப் பற்றி" என்றான்.

அவர் முகம் மாறி என் பக்கம் திரும்பினார். "இவனை நல்லாச் சொல்லேல்லைத்தானே அண்ணை?"

"இல்லை அக்கா" என்றேன்.

அவர் கோப்பையை மகனின் கையில் வைத்து, அவன் விரல்கள் அதைச் சரியாகப் பிடிக்கும்வரை தன் கையை எடுக்காமல் நின்றார்.