கிமோனோவில் அக்கா

எங்கள் வீட்டுச் சுவரில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே, அக்கா கிமோனோ உடுத்திக்கொண்டு சிரிக்கிறாள். செத்தவளின் படத்துக்கு இது என்ன வேஷம் என்று துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தால் அவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்குமோ என்னவோ. படம் கைக்கு வந்த அன்றே, சுவரில் இதைத்தான் மாட்ட வேண்டும் என்றது அக்காவேதான்.

குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் அவள் டைப்பிஸ்ட். ஒருமுறை தேயிலை வாங்க வந்த ஜப்பான்காரர்கள், தட்டில் டீ கொண்டுபோய் வைத்த அவளுக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டார்கள். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காத ஆபீஸ் அது. அன்றிலிருந்து ஜப்பான் போகணும், ஜப்பான் போகணும் என்று ஒரே பாட்டு. ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம் கோயம்புத்தூர் போகிறவளுக்கு ஜப்பானைப் பார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

கடைசியில் கோயம்புத்தூர் போனது ஆஸ்பத்திரிக்கு. கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது, கிறிஸ்துமஸ் தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் அம்மாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வராந்தாவிலேயே அம்மா தன் உள்ளங்கையில் அடிக்கச் சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினாள். அக்காவுக்குத் தெரியக் கூடாது, வயிற்றுப் புண் என்றே சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். நோயாளியைத் தவிர ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கும். மாத்திரைகளைப் பிரித்து வேறு டப்பாவில் போட்டோம். பார்க்க வந்தவர்களை வாசலிலேயே மிரட்டி உள்ளே அனுப்பினோம்.

அப்போதுதான், சுற்றுலா வருகிறவர்களுக்குக் கிமோனோ உடுத்தித் தேயிலைத் தோட்டத்து நடுவில் நிறுத்தி, ஜப்பானில் எடுத்தது போலப் படம் எடுத்துத் தரும் ஸ்டூடியோ ஒன்று வந்திருந்தது. ஆசையை இப்படியாவது தீர்க்கலாமே என்று அக்காவைக் கூட்டிப்போனேன். அங்கே உடுத்திவிடுகிற பெண் ஜாக்கெட் தைத்துப் பழகியவள். ஜாக்கெட்டில் வலப்பக்கம்தான் மேலே வரும். அந்தக் கைப்பழக்கத்தில் கிமோனோவிலும் வலதை மேலே போட்டு இடுப்புப் பட்டையைச் சுற்றினாள். எப்படிச் சுற்றினாலும் பட்டை நழுவியது, அக்கா அவ்வளவு வற்றிப்போயிருந்தாள். உள்ளே ஒரு துண்டை மடித்து வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, குடையோடு வெளியே போய் நின்றுகொண்டேன். பாதி விலகிய திரை வழியாகப் பார்த்தபோது, அந்தப் பெண் காதருகே என்னவோ சொல்ல, அக்கா சிரித்தபடி வேண்டாம் என்று கையசைத்தாள். பாவி, ஒன்றும் தெரியாமல் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த சாயங்காலம் ஸ்டூடியோவில் உடுத்திவிட்ட அந்தப் பெண் ஒரு படத்தோடு வீட்டுக்கு வந்தாள். அதே படம்தான், கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பியிருந்தார்கள். இடக் கன்னத்து மச்சம் வலக் கன்னத்துக்குப் போயிருந்தது. சுவரில் இருப்பதை எடுத்துவிட்டு இதை மாட்டச் சொன்னாள். எதற்கு என்றதும் அழுதுவிட்டாள்.

"ஜப்பான்ல வலது மேல வந்தா அது பொணத்துக்குக் கட்டுற மொறையாமுங்க. முந்தின வாரந்தான் ஓனர் திட்டியிருந்தாரு, மறுபடியும் கை அப்படியே போயிருச்சு. தப்பாப் பொணத்துக் கட்டு கட்டிட்டேன், அவுத்துக் கட்டறேனுங்க்கான்னு காதுல சொன்னேன். 'இருக்கட்டும், எனக்கு இனி இதுதானே. வெளிய நிக்கிறவகிட்டச் சொல்லிறாதீங்க, வீட்டுல எல்லாரும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காங்க, பாவம்'னு சொன்னாங்க."

அத்தனை நாளும் அவள் ஒண்டியாகவே செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி அழ எங்கள் வீட்டில் அவளுக்கு ஓர் ஆள் இல்லை. நாங்கள் வயிற்றுப் புண் வயிற்றுப் புண் என்று சொல்லச் சொல்ல, அவளும் எங்களுக்காகத் தலையாட்டியிருக்கிறாள்.

திருப்பிய படத்தை அலமாரிக்குள் போட்டுவிட்டேன். சுவரில் பழையதுதான் இருக்கிறது. யார் வந்தாலும் அம்மா அதைக் காட்டுகிறாள்.

"கடைசி வரைக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பாருங்க, எப்படிச் சிரிக்கறா."

ஆமாங்க என்று நானும் சொல்கிறேன்.